பதிவேட்டில் இல்லாத பதினொரு புத்தகங்கள்

அண்ணாகிராமம்
15-9-2005

அன்புள்ள மச்சான் சபாநாயகத்துக்கு,

முதலில் செய்தி, பிறகு நலம். நீண்ட யோசனைக்குப் பின், உன் அக்கா சிவகாமுவிடம் இருமுறை கலந்துபேசி, எங்கள் பள்ளி நூலகப் பீரோவை ஒன்றரைச் சாண் வலப்பக்கம் நகர்த்துவதென்று முடிவெடுத்தேன். நேற்று, புதன்கிழமை, ராகுகாலத்துக்கு முன்பே அது நிறைவேற்றப்பட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அறுவரும் மங்கலம் டீச்சரும் உடனிருந்தனர். இனி என் நாற்காலியிலிருந்தே பீரோவின் இரண்டு கதவும் தெரியும்.

எங்கள் நூலகம் என்பது அந்தக் கண்ணாடிப் பீரோதான். உள்ளே நூற்று எண்பத்தாறு புத்தகங்கள். நான் தலைமையாசிரியராகி ஒன்பது வருடத்தில் ஒன்றுகூடத் தொலைந்ததில்லை, கிழிந்ததில்லை. வெள்ளிதோறும் கடைசி மணியில் கதவைத் திறந்துவைப்பேன். தரையில் சாக்பீஸ் கோடு உண்டு. பிள்ளைகள் கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, புத்தக முதுகில் உள்ள தலைப்புகளைச் சத்தமாக வாசிப்பார்கள். மூன்றே முக்காலுக்குப் பூட்டிவிடுவேன். ஒன்றியத்திலேயே ஒழுங்கான நூலகம் என்று போன வருட ஆய்வில் எழுதிக் கொடுத்தார்கள்.

நகர்த்தியதற்குக் காரணம் சவரியம்மாள் டீச்சர். தொகுப்பூதியத்தில் வந்தவர். வரும் ஏப்ரலில் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. பணி திருப்திகரம் என்று நான் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம், போடாவிட்டால் வீடு. அப்படி இருப்பவர் அடக்கமாக இருக்க வேண்டாமா? போன வெள்ளிக்கிழமை கேட்கிறார்: “சார், புள்ளைங்க தொட்டுப் பாக்கட்டுமே சார்.”

“தொட்டா?”

“தொடாம எப்பிடி சார் படிக்கறது?”

கேள்விக்குக் கேள்வியாகப் பேசுகிறவர் மனதில் ஏதோ திட்டம் இருக்கிறது. மங்கலம் டீச்சர் இருபது வருடமாக வகுப்பில் வயர் கூடை பின்னுகிறார். ஒரு நாளாவது இப்படிக் கேட்டிருப்பாரா?

உன் அக்காவின் இடது முழங்கால் நீங்கலாக இங்கே அனைவரும் சுகம். தங்கச்சியும் மகள் சிவப்ரியாவும் சுகமா?

அன்புடன்,
ராஜமாணிக்கம்


சிதம்பரம்
22-9-2005

மதிப்பிற்குரிய மாமாவுக்கு, சபாநாயகம் வணக்கத்துடன் எழுதுவது.

நடராஜர் கிருபையால் இங்கே குறை ஒன்றுமில்லை. எனக்குச் சர்க்கரை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. அக்காவுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

பீரோவை நகர்த்தியது தீர்க்கதரிசனம். தணிக்கைப் பிரிவில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், சோம்பேறியால் எந்த அலுவலகத்துக்கும் கேடு வந்ததில்லை. ஆர்வக்காரர்களைத்தான் கவனிக்க வேண்டும். நீங்கள் கவனிப்பது அவருக்குத் தெரியவும் வேண்டாம்.

சும்மா பொது அறிவுக்காகக் கேட்கிறேன்: நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் அந்த இடம் காலியிடம் ஆகுமா, அல்லது வேறு ஒன்றியத்திலிருந்து ஆளை மாற்றுவார்களா?

சிவப்ரியா ஆசிரியர் பயிற்சி முடித்து வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறாள். உங்களை விசாரித்தாள்.

தங்கள் மைத்துனன்,
சபாநாயகம்


அண்ணாகிராமம்
10-10-2005

அன்புள்ள மச்சானுக்கு,

தைலம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. வீடு மட்டும் மணக்கிறது.

நீ கேட்டது: காலியிடம்தான் ஆகும். பதிவு மூப்புப்படி ஆள் வருவார்.

நான் பயந்தது நடந்துவிட்டது. ஆயுத பூஜைக்காகப் புத்தகங்களை இறக்கி எண்ணினேன். நூற்று எண்பத்தேழு. இரண்டாம் முறையும் நூற்று எண்பத்தேழு. மங்கலம் டீச்சரை எண்ணச் சொன்னேன். அவர் நூற்று எழுபத்தொன்பது என்றார். அவர் கணக்கை விட்டுவிடு.

கடைசித் தட்டில், முந்திரி மூட்டை தைக்கிற சணல் நூலால் தைத்த ஒன்று இருந்தது. காலண்டர் தாளில் அட்டை. ‘பலாப்பழத்துக்குள்ள யாரு’ என்று தலைப்பு. எழுதியவர் சு. சுவேதா, மூன்றாம் வகுப்பு. முதுகில் சிவப்பு மையில் 187 என்று வரிசை எண்ணே போட்டிருக்கிறது! சவரியம்மாளை அழைத்தேன்.

“டீச்சர், இது இன்னா?”

“பொஸ்தகம் சார்.”

“எங்கேர்ந்து வந்துது?”

“புள்ளைங்க எழுதுனது சார்.”

“யாரு அனுமதி குடுத்தா?”

“எழுதறதுக்கா சார்?”

மறுபடியும் கேள்வி. பிறகு அவரே சொன்னார்: “பீரோவுல இருக்கறத எடுக்கக் கூடாதுன்னீங்க. நாமளே எழுதிக்கலாம்னு புள்ளைங்ககிட்ட சொன்னேன் சார். வெள்ளிக்கெழம நீங்க கதவத் தெறந்தப்ப அதுவா கொண்டாந்து வெச்சிட்டுது.”

எடுக்கக் கூடாது என்பதுதான் விதி. வைக்கக் கூடாது என்று விதியில் இல்லை. அந்த ஓட்டையை இந்தப் பெண் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான் என் சந்தேகம். உன் ஆலோசனை வேண்டும்.

அன்புடன்,
ராஜமாணிக்கம்


சிதம்பரம்
17-10-2005

மதிப்பிற்குரிய மாமாவுக்கு வணக்கம்.

எல்லோரும் சௌக்கியம். தங்கள் கடிதம் படித்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. சர்க்கரைக்கு அது நல்லதுதான் என்றார் டாக்டர்.

மாமா, புத்தகம் குறைந்தால் கரையான் என்று எழுதலாம், மழை என்று எழுதலாம். ஒருவரும் கேட்க மாட்டார்கள். கூடினால் என்ன எழுதுவீர்கள்? பதிவேட்டில் நூற்று எண்பத்தாறு, பீரோவில் நூற்று எண்பத்தேழு என்றால், இரண்டில் ஒன்று பொய். பதிவேட்டில் இருப்பது உங்கள் கையெழுத்து. என் சர்வீசில் குறைவால் மெமோ வாங்கியவர்கள் உண்டு. மிகையால் சஸ்பெண்ட் ஆனவரையே பார்த்திருக்கிறேன்.

அதை வெளியே எடுத்துப் போடாதீர்கள். அழித்ததாக ஆகும். அங்கேயே இருக்கட்டும். எத்தனை சேர்கிறது என்று மட்டும் பாருங்கள். உங்களுக்கு எதிராகத் தயாராகிறவர் ஒன்றோடு நிறுத்த மாட்டார்.

சிவப்ரியாவின் பதிவைப் புதுப்பிக்கக் கடலூர் வேலைவாய்ப்பு அலுவலகம் போயிருந்தேன். மூப்பு மேலே வந்திருக்கிறதாம். சும்மா தகவலுக்கு எழுதினேன்.

தங்கள் மைத்துனன்,
சபாநாயகம்


அண்ணாகிராமம்
5-12-2005

அன்புள்ள மச்சானுக்கு,

மழையில் இங்கே நாலு நாள் பஸ் இல்லை, மூன்று வாரம் பள்ளி சரியாக நடக்கவில்லை. உங்கள் பக்கம் வெள்ளம் எப்படி? நாங்கள் மேட்டில் இருப்பதால் தப்பினோம்.

நீ சொன்னபடியே நடக்கிறது. இப்போது நூற்றுத் தொண்ணூற்றொன்று. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் மூக்குக்கண்ணாடி துடைக்கிற நேரத்தில் ஒன்று கூடிவிடுகிறது. சாக்பீஸ் கோட்டின்மேல் சின்னக் கால் தடங்கள். அவை பீரோவை நோக்கிப் போகின்றன. திரும்பி வருகிற தடம் இல்லை. பாவாடையால் அழித்துக்கொண்டே வருகிறார்கள் என்று நினைக்கிறேன்.

190ஆம் எண்ணைப் படித்தேன். அதுவும் சுவேதா எழுதியது. ஒரு பூதம் கண்ணாடிப் பெட்டியைக் காவல் காக்கிறது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பூதத்துக்கே தெரியாது. யார் கேட்டாலும் ‘தொடாதே’ என்று மட்டும் சொல்லும். சுவேதாவைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

“பூதம் யாரு?”

“பூதம் சார்.”

“எந்த ஊரு பூதம்?”

“கதையில வர்ற பூதம் சார்.”

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“அதுவா வந்துது சார்.”

எட்டு வயதில் இவ்வளவு தயாரான பதில். யாரோ பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

உன் அக்கா கேட்டு எழுதச் சொன்னாள்: சிவப்ரியாவுக்கு வரன் ஏதும் பார்க்கிறாயா?

அன்புடன்,
ராஜமாணிக்கம்


சிதம்பரம்
14-12-2005

மதிப்பிற்குரிய மாமாவுக்கு வணக்கம்.

வெள்ளம் எங்கள் தெருமுனை வரை வந்து, விலாசம் சரியில்லை என்பதுபோலத் திரும்பிப் போய்விட்டது. மற்றபடி நலம். வரன் பார்க்கவில்லை. முதலில் உத்தியோகம், பிறகு வரன் என்று இருக்கிறோம்.

பூதம் யார் என்று குழந்தையைக் கேட்டிருக்கிறீர்கள். உங்களையே கேட்டிருக்கலாம். அந்தப் பூதத்துக்கு மூக்குக்கண்ணாடி உண்டா? தோளில் துண்டு உண்டா? வண்டி ஏதும் ஓட்டுகிறதா? படத்தை நன்றாகப் பாருங்கள் மாமா. கையெழுத்தில்லாத புகார் மனு பல உருவத்தில் வரும். சணல் நூலால் தைத்து வருவது மட்டும் எனக்குப் புதிது.

ஆய்வாளர் வந்து பீரோவைத் திறந்து, முதலில் 190ஆம் எண்ணை எடுத்தால் என்ன ஆகும்? அந்த டீச்சர் அதற்குத்தான் காத்திருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

ஏப்ரலில் கையெழுத்து விஷயத்தில் அவசரம் வேண்டாம். எந்தத் தாளாக இருந்தாலும் எனக்குக் காட்டாமல் அலுவலகத்துக்கு அனுப்பாதீர்கள். ஒரு வார்த்தை மாறினால் பென்ஷனே போய்விடும்.

ஆருத்ரா தரிசனத்துக்கு அக்காவை அழைத்து வாருங்கள்.

தங்கள் மைத்துனன்,
சபாநாயகம்


அண்ணாகிராமம்
20-2-2006

அன்புள்ள மச்சானுக்கு,

தரிசனத்துக்கு வர இயலவில்லை. பீரோவை விட்டு வர மனமில்லை. பூதத்தின் படத்தைப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி உண்டு, துண்டு உண்டு. வண்டியும் உண்டு, அதற்கு மூன்று சக்கரம்.

இப்போது நூற்றுத் தொண்ணூற்றேழு. அதாவது பதினொன்று மிகை. ஆதாரத்தைப் பரிசீலிக்க வேண்டி, பதினொன்றையும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன் அக்கா பறித்துப் படித்துவிட்டு, முழங்கால் வலியை மறந்து சிரித்தாள். “இன்னாங்க, அப்பிடியே நீங்கதான்! நடையக்கூட வரைஞ்சிருக்குதே!” என்றாள். குடும்பத்திலிருந்தே சாட்சியம் வந்துவிட்டது.

ஆனால் ஒன்று எழுத வேண்டும். 196ஆம் எண், நாலாம் வகுப்பு எழிலன் எழுதியது. பூதத்துக்குக் காய்ச்சல் வருகிறது. பெட்டிக்குக் காவல் இல்லை. பிள்ளைகள் எல்லோரும் வருகிறார்கள். பெட்டியைத் திறக்கவில்லை. கஞ்சி கொண்டுவந்திருக்கிறார்கள். பூதம் கஞ்சி குடித்துவிட்டு, ‘உப்பு போதல’ என்கிறது. அத்துடன் கதை முடிகிறது. இதில் குற்றச்சாட்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காக அந்தப் பக்கத்தை ஐந்தாறு முறை படித்தேன். கண்டுபிடிக்க இயலவில்லை.

போன வாரம் சவரியம்மாள் வந்து நின்றார். “சார், நான் வேலைக்கி வந்தப்பறந்தான் எங்கம்மா முந்திரி ஒடைக்கப் போறத நிறுத்துனாங்க. கொட்ட எண்ணெ பட்டு கையெல்லாம் வெந்து போச்சி சார் அவுங்களுக்கு. தப்பு எதுனா இருந்தா சொல்லுங்க, திருத்திக்கறேன். ஒரு கையெழுத்துதான சார்.” அம்மாவுக்குத் தேங்காயெண்ணெய் தடவச் சொன்னேன்.

உன் கருத்தை எழுது.

அன்புடன்,
ராஜமாணிக்கம்


அண்ணாகிராமம்
17-4-2006

அன்புள்ள மச்சானுக்கு,

பிப்ரவரிக் கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

நான் யோசித்துவிட்டேன். பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலேயே பிழையில்லாமல் எட்டுப் பக்கம் எழுதுகிறார்கள். மங்கலம் டீச்சரின் ஐந்தாம் வகுப்பில் விடுப்பு விண்ணப்பம் எழுத இரண்டு பேர்தான் தேறுவார்கள். சவரியம்மாளை நான் இன்னும் நம்பவில்லை. ஆனால் நம்பிக்கை வேறு, பணி வேறு. ‘பணி திருப்திகரம்’ என்று சான்று எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் போட்டுவிட்டேன்.

நீ சொன்னபடி, உன் பார்வைக்கு அசலையே இத்துடன் வைத்திருக்கிறேன். வார்த்தை சரியாக இருக்கிறதா என்று பார்த்து உடனே திருப்பி அனுப்பு. ஒன்றிய அலுவலகத்தில் சேர்க்கக் கடைசி நாள் ஏப்ரல் 28. நீ போடாத பதிலைக் கேட்டுச் சவரியம்மாள் தினமும் காலையில் வந்து, “வந்துதா சார்?” என்கிறார். என் வீட்டுத் தபால் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று முதலில் திகைத்தேன். நான்தான் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
ராஜமாணிக்கம்


சிதம்பரம்
6-5-2006

மதிப்பிற்குரிய மாமாவுக்கு வணக்கம்.

நலமாயிருப்பீர்கள் என நம்புகிறேன். எனக்குத்தான் விஷக் காய்ச்சல். இருபது நாள் பாயைவிட்டு எழவில்லை. வாசல்படி தாண்டவில்லை. நீங்கள் போட்ட மூன்று கார்டும் இன்றுதான் கையில் கிடைத்தன.

சான்றைப் பார்த்தேன். நல்ல தமிழ். ஆனால் ‘திருப்திகரம்’ என்று மொட்டையாகச் சொல்வது உங்களுக்குப் பாதுகாப்பில்லை. ‘நூலக இருப்பு மிகை குறித்த விளக்கத்துக்கு உட்பட்டு’ என்று சேர்த்துப் புதிதாக எழுதலாம். பழையதை இத்துடன் திருப்பியிருக்கிறேன். தேதி கடந்துவிட்டதற்கு மிகவும் வருந்துகிறேன். நம் கையில் என்ன இருக்கிறது மாமா!

தங்கள் மைத்துனன்,
சபாநாயகம்


அண்ணாகிராமம்
12-6-2006

அன்புள்ள மச்சானுக்கு,

உன் காய்ச்சல் கேட்டு உன் அக்கா அழுதாள். கஞ்சியில் உப்புக் குறைத்துக்கொள்.

ஒரு விஷயம். உன் கடிதத்தின் மேல் கடலூர் தபால் முத்திரை இருந்தது. சிதம்பரத்தில் போட்ட கடிதம் கடலூரில் முத்திரை வாங்குகிறது என்றால், தபால் இலாகாவில் ஏதோ நடக்கிறது. அதனால்தான் இவ்வளவு தாமதம். பண்ருட்டிக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 27 அன்று சவரியம்மாள், “இன்னொண்ணு எழுதிக் குடுங்க சார், அஞ்சி நிமிசம் ஆகாது” என்றார். ஒரே ஆளுக்கு ஒரே பொருளில் இரண்டு அசல் சான்று! ஒன்று மிகையாகிவிடாதா? அந்த நெருக்கடியிலும் உன் வார்த்தை நினைவுக்கு வந்து என்னைத் தடுத்தது. அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அந்த மாதத்தோடு விடுவிக்கப்பட்டார்.

மிகைப் புத்தகங்கள் பதினொன்றையும் அவரிடமே ஒப்படைத்தேன். பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். பதினொன்று என்று எழுதியிருந்தாலும் பையில் பத்துதான் இருந்தன. அவர் எண்ணிப் பார்க்கவில்லை. 196ஆம் எண் என் மேசை இழுப்பறையில் எப்படி வந்தது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

பண்ருட்டி சாலையில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்துவிட்டாராம். சம்பளம் பாதிதானாம். அவர் அம்மா மறுபடி முந்திரி உடைக்கப் போகிறார் என்று மங்கலம் டீச்சர் சொன்னார். பீரோவில் இப்போது சரியாக நூற்று எண்பத்தாறு.

அன்புடன்,
ராஜமாணிக்கம்


சிதம்பரம்
10-7-2006

மதிப்பிற்குரிய மாமாவுக்கு, அக்காவுக்கு, நமஸ்காரம்.

பரிபூரண நலம். சர்க்கரைகூட இறங்கியிருக்கிறது. ஆனித் திருமஞ்சனத்தில் உங்கள் பேருக்கும் அர்ச்சனை செய்தோம்.

எதிர்பாராத சந்தோஷச் செய்தி. சிவப்ரியாவுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்துவிட்டது. ஆகஸ்டில் உத்தரவு வரும். எந்த இடம் என்று விசாரித்தால், தெய்வச் செயல் மாமா, உங்கள் பள்ளியில் காலியான அதே இடம்! எங்கெங்கோ போடாமல் உங்கள் நிழலிலேயே போடுகிறார்கள். உங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளட்டும். அவளுக்கு ஆர்வம் எல்லாம் கிடையாது. சொன்னதைச் செய்வாள். இதற்காக இங்கே ஒரு வரனைக்கூடத் தள்ளிப் போட்டிருக்கிறோம்.

தங்கள் அன்பு மைத்துனன்,
சபாநாயகம்


அண்ணாகிராமம்
7-8-2006

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கண்டு இங்கே திருவிழாதான். உன் அக்கா பின்கட்டு அறைக்கு வெள்ளையடித்து, கட்டில் வாங்கிப் போட்டு, ஜன்னலுக்குத் திரையும் தைத்துவிட்டாள். முழங்கால் பற்றிப் பேச்சே இல்லை. நம்பிக்கையான ஓர் ஆள் பள்ளிக்கு வரப்போவது எனக்கும் நிம்மதி. இந்தப் பதினொரு மாதத்தில் நான் சந்தேகப்படாத ஒரே மனிதன் நீதான். அதற்குக் கிடைத்த பலன் இது என்று உன் அக்காவிடம் சொன்னேன்.

சிவப்ரியாவுக்கு ஆசி. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராஜமாணிக்கம்

பி.கு.: சவரியம்மாள் சேர்ந்த பள்ளியின் வேன் ஜூன் முதல் எங்கள் ஊருக்குள் வருகிறது. மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பத்தொன்பது பிள்ளைகள் அங்கே போய்விட்டார்கள். முதலில் போனவள் சுவேதா. தொண்ணூற்றேழாக இருந்த எண்ணிக்கை ஆகஸ்டு முதல் தேதிக் கணக்கில் எழுபத்தெட்டு. எண்பதுக்குக் கீழே போனால் இரண்டு ஆசிரியர் போதும் என்பது விதி. காலியாக இருந்த மூன்றாவது பணியிடத்தை உபரி என்று ரத்து செய்து போன வெள்ளிக்கிழமை உத்தரவு வந்தது.